கெவ்வை மாற்றக் கோரும் பெட்டிசன்

மேவிஸ்தான் எங்கள் கல்லூரியின் அதிபர் என்று முதல் மூன்று நாட்கள் முழுதாக நம்பியிருந்தேன். நாலு வருடம் கழித்து இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது. ஆனால் நம்பியதற்குக் காரணம் இருந்தது. மெல்பேர்ன் நகரின் மேற்குப் பக்கத்தில், தச்சு வேலை, மின்சார வேலை, கடிகாரத் திருத்தம் எல்லாம் படிப்பிக்கிற ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில், பதிவாளர் கந்தோரில் லிகிதராகச் சேர்ந்திருந்தேன். வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா முழங்காலால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நேரே என் மேலதிகாரி லெஸ்ஸின் மேசைக்குப் போனார். "லெஸ், நீ ஒரு பயந்தாங்கொள்ளி. உன்னை நம்பி ஒரு கோழிக்கூட்டைக்கூட விட்டிட்டுப் போக ஏலாது" என்றார். இது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்ன சொற்களை அப்படியே தந்தால் இந்தக் கட்டுரையை வீட்டில் வைத்து வாசிக்க முடியாது. பதவிநீக்கக் கடிதம் இப்போது வரும், அல்லது பொலிஸ் வரும் என்று நான் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். லெஸ் தலையை நிமிர்த்தாமல், "இரண்டு சீனி, மேவிஸ்" என்றார்.

பின்னால் தேநீர் வண்டி நின்றதைக் கண்டேன். அதிபரே தேநீர் ஊற்றிக் கொடுக்கிற அளவுக்குச் சமத்துவமான நாடாக்கும் இது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த அம்மா வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவர் போய்க் கதவு மூடிய பிறகுதான் உட்கார்ந்தேன். நான்காம் நாள் அவர் எனக்கு ஒரு குஷன் கொண்டுவந்து தந்து, "வெட்கப்படாதே, என் புருஷனுக்கும் இந்த வருத்தம் இருந்தது" என்று காதோடு சொன்னார். நான் எழும்பி எழும்பி நிற்பதைப் பார்த்து மூலவியாதி என்று முடிவுகட்டியிருக்கிறார். அவர் தேநீர்க்கார அம்மா என்பதும் அன்றுதான் தெரிந்தது. குஷன் நல்ல குஷன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மேவிஸ் திங்கட்கிழமைதோறும் லெஸ்ஸைத் திட்டுவதற்குக் காரணம் பந்தாட்டம். கல்லூரிக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. மாணவர்களும் ஊழியர்களும் கலந்து ஆடுவார்கள், சம்பளம் கிடையாது. லெஸ் கிழமை நாளில் உதவிப் பதிவாளர், சனிக்கிழமையில் பயிற்றுநர். மேவிஸ் எல்லா நாளும் ரசிகை.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நான் பத்தொன்பது வருடம் கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் இருந்தவன். அங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. மேலதிகாரியைக் கண்டால் சிரிப்போம், பைல் கட்டைத் தூக்கிக் கொடுப்போம், அவருடைய மகளின் பரீட்சை முடிவு கேட்போம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டிசன் எழுதுவோம். கையெழுத்தில்லாமல், இலக்கமிட்ட பந்திகளில், 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி. இந்தக் கலையில் எனக்கு ஓரளவு பெயர் இருந்தது. மற்றத் திணைக்களங்களில் இருந்தும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வருவார்கள். ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்திலும் இதே முறைதான். செயலாளரின் மைத்துனர் கோல் காவலராக நின்ற வருடம், அவர் விட்ட கோல்களைவிட அவரைப் பற்றிப் போன பெட்டிசன்கள் அதிகம். உதைபந்தாட்டத்தில் பாதியை மைதானத்திலும் மீதியைத் தபாலிலும் ஆடுகிற பரம்பரை நாங்கள்.

இனி, என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். எழுபத்து நான்காம் ஆண்டு சித்திரை மாதம் நான் தனியாக வந்தேன். என் மனைவி மகேஸ்வரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். இங்கே வேலை ஆறு மாதம் பரீட்சார்த்தம். முடிவில் லெஸ் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் நிரந்தரம். வைக்காவிட்டால் வந்த வழி. நிரந்தரமான அன்றே தந்தி அடிப்பேன், அதற்குப் பிறகு வீட்டை விட்டுவிட்டுப் புறப்பட்டால் போதும் என்று மகேஸிடம் சொல்லி வந்திருந்தேன். நாங்கள் நான்கு பேரும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே நித்திரை கொள்வது லெஸ்ஸின் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பின்னால் வரப்போகும் காரியத்தைச் செய்தேன் என்பதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

லெஸ் கூப்பிட்டுத்தான் முதல் ஆட்டத்துக்குப் போனேன். அவரை நான் 'சேர்' என்று கூப்பிட, அவர் ஒவ்வொரு தரமும் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். சிவஞானசுந்தரம் என்ற என் பெயரை முதல் நாளே 'சிவ்' என்று நறுக்கிவிட்டார். இங்கே ஓரசைக்கு மேல் பெயர் வைத்திருப்பவர்களை வசதிக்காரர் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. மைதானத்தில் தூறல், சேறு, தெற்கிலிருந்து வருகிற ஒரு காற்று. இது நம் ஊர் உதைபந்தாட்டம் இல்லை, ஆஸ்திரேலியர்களின் சொந்த ஆட்டம். பந்து பழுத்த பப்பாசி மாதிரி நீண்டிருந்தது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம், ஆளின் தோளில் ஏறி நின்றும் பிடிக்கலாம். ஒவ்வோர் அந்தத்திலும் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள்ளால் போனால் ஆறு புள்ளி. தவறி வெளிக் கம்பத்துக்குள்ளால் போனாலும் ஒரு புள்ளி. குறி தவறினதற்கும் ஒரு புள்ளி கொடுக்கிற நாட்டில் எனக்கு வேலை போக வழியே இல்லை என்று அன்று ஒரு தைரியம் வந்தது.

ஆட்டம் விளங்க ஒரு மாதம் எடுத்தது. மேவிஸின் கோபம் விளங்க ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. லெஸ் ஓரக்கோட்டில் நின்று சொல்வது ஒரே ஒரு சொல்தான்: "ஓரம்." பந்து கிடைத்தால் ஓரமாக உதை, ஓரமாக ஓடு, சந்தேகம் வந்தால் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிடு. நடு மைதானம் வெறுமையாகக் கிடக்கும். எங்கள் அணி மட்டும், மழைக்குத் தாழ்வாரத்தை ஒட்டி நடக்கிற ஆட்கள் மாதிரி, கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருக்கும். மற்ற அணிகள் கைக்குக் கை பந்து மாற்றி நடுவால் பாய்ந்து வந்து ஆறு ஆறாக அடித்துவிட்டுப் போவார்கள்.

நடுவில் ஒருவர் நின்றார். அவர்தான் கெவ், அணித் தலைவர், வேலைத்தலக் களஞ்சியத்தில் ஆணியும் பிசினும் எடுத்துக் கொடுப்பவர். முப்பத்தாறு வயது. வலது முழங்காலில் தலைப்பாகை அளவுக்கு ஒரு கட்டு. எல்லாப் பந்தும் அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது லெஸ்ஸின் சட்டம். பந்து இருக்கும் இடத்துக்குக் கெவ் போவதில்லை, கெவ் இருக்கும் இடத்துக்குப் பந்து வர வேண்டும். ஓடாத நேரத்தில் வாயால் வேலை செய்தார். ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கத்திக்கொண்டேயிருப்பார். அவருக்குப் பதிலாக இறங்கத் தயாராய் ஓரத்து நீள வாங்கில் ஒரு கிரேக்க வாலிபன் உட்கார்ந்திருந்தான். கொன் என்று பெயர், பத்தொன்பதாம் ஆள். கடிகாரத் திருத்தம் படிக்கிறவன், காற்றைப் போல ஓடக்கூடியவன் என்று மேவிஸ் சத்தியம் செய்தார். மாற்று ஆட்டக்காரர்கள் குளிருக்கு டிரெஸ்ஸிங் கவுன் போட்டுக்கொண்டு இருப்பது அப்போதைய வழக்கம். கொன் ஒரு சிவப்புக் கவுனில், ஆஸ்பத்திரியில் இருந்து தப்பி வந்தவன் மாதிரி, சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போனான். அவனுடைய தகப்பன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி மகன் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆனி மாதத்துக்குள் ஏழு ஆட்டம் ஆடி ஒன்றில் வென்றிருந்தோம். அந்த ஒன்றும் எதிரணியின் பஸ் வெரிபீ பக்கம் வழி தவறிப்போய், அரைவாசிப் பேர் மட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததால். அதற்குள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. 'வென்றோம், தோற்றோம்' என்று பன்மையில் பேசத் தொடங்கியிருந்தேன். வீட்டில் கத்துவதற்கு ஆளில்லாதவனுக்கு மைதானம் பெரிய வசதி. மேவிஸின் குடைக்குள் நின்று அவர் கத்துவதையெல்லாம் நானும் கத்தினேன். ஆனால் லெஸ் திரும்பிப் பார்த்தால் உடனே கைதட்டினேன்.

ஒருநாள் துணிந்து லெஸ்ஸிடம் கேட்டேன். "சேர், கெவ்வை ஏன் மாத்திறேல்லை?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "கெவ் எங்களுக்கு நல்லவன், சிவ்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பொறி தட்டியது. பத்தொன்பது வருட அரசாங்கச் சேவையில், ஓர் உத்தியோகத்தர் இன்னொருவரைக் காரணமில்லாமல் நல்லவர் என்று சொன்னால் அதற்குள் ஓர் உறவுமுறை ஒளிந்திருக்கும். அடுத்த நாள் மேவிஸிடம் மெதுவாகக் கேட்டேன்: "கெவ் லெஸ்ஸுக்கு என்ன முறை?" மேவிஸ் தேநீரை ஊற்றிக்கொண்டே, "லெஸ்ஸின் கல்யாணத்தில் கெவ்தானே மாப்பிள்ளைத் தோழன்" என்றார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் யார்? பெண்ணின் தம்பி. வாசலில் மாப்பிள்ளையை வரவேற்று, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய், மோதிரமும் வாங்கிக்கொள்கிறவன். ஆகவே கெவ் லெஸ்ஸின் மனைவியின் தம்பி. எங்கள் ஊர் கோல் காவலர் கடல் கடந்து வந்து முழங்காலில் கட்டோடு என் முன்னால் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

அப்போது ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பிளாட்டில் இராசரத்தினத்தோடு குடியிருந்தேன். இராசா பருத்தித்துறைக்காரர், ட்ராம் கொண்டக்டர், என்னைவிட மூன்று வயது இளையவர், என்னைவிட முப்பது வருடம் புத்தி கூடியவர். நான் கொழும்பிலிருந்து சுமந்து வந்த சின்னத் தட்டச்சுப்பொறியை மேசையில் எடுத்து வைத்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஐசே, ஆருக்குப் போடப்போறீர்?"

"அதிபருக்கு."

"ஆரைப் பற்றி?"

"லெஸ்ஸைப் பற்றி."

இராசா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். "உம்மடை வேலையை நிரந்தரமாக்கப்போற மனுசன் அவர்தானே?"

"ஓம். ஆனா இது பந்து விசயம். பேர் போடமாட்டன்."

"பேர் போடாட்டி என்ன. இந்த மெல்பேர்னிலை 'மிகத் தாழ்மையுடன்' எண்டு தொடங்கிறவன் நீர் ஒருத்தர்தான்."

நான் காதில் விழுத்தவில்லை. இரண்டு பக்கம். இன்றைக்கும் என் மிகச் சிறந்த படைப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அணியினர் ஓரமாகவே ஆடுவதால் மைதானத்தின் நடுப்புல் பயன்படுத்தப்படாமல் வளர்ந்து பொதுச் சொத்து வீணாகிறது என்று முதல் பந்தியில் சுட்டிக்காட்டினேன். அணித் தலைவர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இடுப்பில் கைவைத்து இளைப்பாறுவது மூன்று தடவை கண்ணாரக் காணப்பட்டது என்றேன். அவர் பயிற்றுநரின் துணைவியாருக்கு உடன்பிறந்தவர் என நம்பகமாக அறியவருவதாகவும், திறமையான ஒரு புலம்பெயர்ந்த வாலிபர் கவுனுக்குள் வைத்துக் கொடுமைப்படுத்தப்படுவதாகவும் எழுதி, 'இங்ஙனம், ஒரு நலன்விரும்பி' என்று முடித்தேன். உறையில் 'அந்தரங்கம்' என்று சிவப்பு மையில் எழுதி, வெள்ளிக்கிழமை தபாற்பெட்டிக்குள் விழுத்தினேன். விழுந்த சத்தம் இனிமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அந்த உறை என் கைக்கு வந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கல்லூரிக்கு வருகிற தபாலை எல்லாம் வாங்கி, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் பதிவது என் வேலைதான். ஆனால் அந்தரங்கம் என்று எழுதியது நேரே அதிபரின் மேசைக்குப் பறந்துபோகும் என்று ஏதோ ஒரு நினைப்பு. கொழும்பில் அதற்கென்று தனிப் பியோன் இருந்தார். இங்கே பியோன் என்ற சாதியே இல்லை. அந்தரங்க உறைகளைப் பிரிக்காமல் பதிந்து லெஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்து அதிபரிடம் கொண்டுபோவார். அதாவது லெஸ்ஸைப் பற்றிய பெட்டிசனை லெஸ்ஸிடம் சேர்ப்பிக்க இருக்கிற மிகக் குறுகிய பாதையை நான் சிவப்பு மையில் எழுதித் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அந்த நேரத்தில் அறையில் ஒருவரும் இல்லை. உறையை என் கால்சட்டைப் பைக்குள் வைத்தால் கதை முடிந்தது. கை பைக்குப் போகவில்லை. முத்திரைக்குப் போனது. பெறப்பட்டது என்று குத்தினேன். பதிவேட்டைத் திறந்து இலக்கம் போட்டேன். 'அனுப்புநர்' என்ற நிரலில் என்ன எழுதுவது என்று தடுமாறி, 'தெரியாது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பத்தொன்பது வருடப் பழக்கம். வீடு எரிந்தாலும் வந்த கடிதத்தைப் பதிந்துவிட்டுத்தான் ஓடுவோம். பதிந்து முடித்து மை காய ஊதிக்கொண்டிருந்தபோது, இப்போதாவது பைக்குள் வைக்கலாமே என்று ஒரு புத்தி வந்தது. லெஸ் பின்னால் வந்து கட்டை முழுவதையும் அள்ளிக்கொண்டு, "ஏதும் விசேஷம் இருக்கா, மேட்?" என்று கேட்டபடி போய்விட்டார்.

அடுத்த மூன்று நாட்கள் நான் உயிரோடு இருந்ததற்குச் சம்பளப் பட்டியல் தவிர வேறு ஆதாரம் இல்லை. லெஸ் தும்மினால் எனக்கு வியர்த்தது. லெஸ் சிரித்தால் இன்னும் அதிகமாய் வியர்த்தது. மேவிஸ் இரண்டாவது குஷன் கொண்டுவந்தார். இரவில் மகேஸுக்கு ஏரோகிராம் எழுதினேன். சுகம் விசாரித்து, குளிரைப் பற்றி நாலு வரி எழுதி, கடைசியில், 'எதற்கும் வீட்டை இப்ப விட வேண்டாம்' என்று ஒரு வரியைச் சாதாரணமாகச் செருகினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. அவ எழுதியிருந்த முதல் வரி: 'ஆருக்குப் பெட்டிசன் போட்டனீங்கள்?'

இராசா என் நிலையைப் பார்த்து ஆறுதல் சொன்னார். "யோசியாதையும். ட்ராமிலை ஆள் எடுக்கினம். தொப்பி தருவினம்."

"பகிடி விடாதையும் இராசா. பிள்ளையளை எப்பிடிக் கூப்பிடுறது?"

"அதை நீர் முதலாம் பந்தியிலை யோசிச்சிருக்கோணும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, எனக்கு ஒரு முட்டை பொரித்துத் தந்தார்.

உறை வந்த அதே வாரம் வியாழக்கிழமை லெஸ் கூப்பிட்டார். மேசையில் என் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. நான் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்பதா, வாய்மொழியாகவா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"உட்கார், சிவ். அதிபருக்கு யாரோ ஒரு கடிதம் போட்டிருக்கிறார். பந்தைப் பற்றி. அதிபர் வாசிச்சுச் சிரிச்சுப்போட்டு என்னிடமே தந்திட்டார், நீயே பதில் எழுது என்று. என்னுடைய எழுத்து உனக்குத் தெரியும். இவ்வளவு அழகான கடிதத்துக்கு அழகாகப் பதில் போக வேண்டாமா. நீ எழுதித் தாறியா?"

என் பெட்டிசனுக்கு என்னையே பதில் எழுதச் சொல்கிறார். நான் தலையாட்டினேன். பென்சிலை எடுத்தேன். பழக்கதோஷத்தில் முதலில் திகதியைப் போட்டேன்.

"முதலாவது, ஓரமாக ஆடுறது" என்றார் லெஸ். "போன வருடம் நடுவால் ஆடச் சொன்னேன். நல்லாத்தான் இருந்தது. இரண்டு பேருக்குத் தோள் எலும்பு போச்சு. ஒருத்தன் தச்சுப் படிக்கிறவன், பத்துக் கிழமை உளி பிடிக்க ஏலாமல் வகுப்பை விட்டிட்டுப் போனான். எல்லாரும் கையால் பிழைக்கப்போற ஆட்கள், சிவ். சனிக்கிழமை வெல்லுறதுக்காகத் திங்கட்கிழமையைக் குடுக்க ஏலாது."

நான் குறித்துக்கொண்டேன். நடுப்புல் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கெவ் ஓடமாட்டான், அது உண்மை. ஆனால் அவன் கத்துறதைக் கேட்டிருக்கிறாயா? பின்னால ஆள் வருது, இடப்பக்கம் பார், குனி. அவன் நடுவில் நிற்கும்வரை எங்கள் ஆள் ஒருத்தனும் இந்த வருடம் மோதி விழேல்லை." பிறகு கடிதத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இதுதான் விளங்கேல்லை. கெவ் என் மனைவியின் தம்பி என்று போட்டிருக்கு. அவளுக்குத் தம்பியே இல்லை. இது எங்கேயிருந்து வந்திருக்கும்?"

"மாப்பிள்ளைத் தோழனாய் நிண்டபடியால், சேர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்குக் கேட்டது. லெஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய நேரசூசியைப் பார்த்தேன். மின்சாரப் பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வகுப்பு என்று அதில் இருந்தது.

"உங்கள் ஊரில் அப்படியா?" என்றார் லெஸ், மெதுவாக.

"ஓம், சேர். பெண்ணின்ரை தம்பி. மோதிரமும் குடுக்கவேணும்."

"ஆ" என்றார். "நான் கெவ்வுக்கு ஒரு பியர்தான் வாங்கிக் கொடுத்தேன். சரி, அதையும் பதிலில் விளக்கிவிடு." கடிதத்தை மடித்துக்கொண்டே, "கொன் விசயத்தை மட்டும் எழுதாதே. அவனுக்கு ஆவணி கடைசியில் கைத்திறன் பரீட்சை இருக்கு. விரல் ஒன்று பிசகினாலும் கடிகாரம் இல்லை. அவனே வந்து கேட்டான், பரீட்சை முடியும்வரை இறக்காதே என்று. ஆனால் தகப்பன் ஒவ்வொரு கிழமையும் வருவார், மகன் அணியில் இருக்கிறதைப் பார்க்க. அதுதான் கவுன். மேவிஸுக்குச் சொன்னால் ஊருக்கே தெரிஞ்சுபோகும், அவளுக்கும் திட்ட ஒன்றும் இருக்காது" என்றார்.

பதிலை நாலு தரம் திருத்தி எழுதினேன். நலன்விரும்பியின் ஒவ்வொரு வாதத்தையும் நசுக்கினேன். ஆதாரமற்ற வதந்திகளைப் பரப்பும் கையெழுத்தில்லாக் கோழைகளைப் பற்றி எழுதிய இடத்தில் என் பேனா கொஞ்சம் அதிகமாகவே அழுத்தியது. அனுப்ப முகவரி இல்லாததால் லெஸ் அதைக் கழக அறிவித்தல் பலகையில் குத்தினார். மேவிஸ் மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்து, "யாரோ படிச்சவன் எழுதியிருக்கிறான். பொய்தான், ஆனால் நல்லாயிருக்கு" என்றார். அந்தச் சனிக்கிழமையும் அவருடைய குடைக்குள் நின்று கெவ்வை வெளியில் எடுக்கச் சொல்லிக் கத்தினேன். கத்தாமல் விட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடுமே.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் கொன்னின் பரீட்சை முடிந்தது. மூன்றாம் கால்பகுதியில் கெவ் நொண்டிக்கொண்டு வெளியே வர, கொன் சிவப்புக் கவுனைக் கழற்றினான். வேலிக்கு அப்பால் தகப்பன் தொப்பியைக் கழற்றினார். மைதானம் முழுக்க ஆரவாரம். கொன் நிஜமாகவே காற்றைப் போல ஓடினான். ஆனால் பெயர் சொல்லிக் கத்த ஆளில்லை. ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு மல்லாந்தார்கள். பத்தாவது நிமிடம் யார் எங்கே நிற்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதைய சட்டப்படி வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியாது. கெவ் வாங்கில் கவுனைப் போர்த்துக்கொண்டு அங்கிருந்தே கத்திப் பார்த்தார், காற்று எதிர்ப்பக்கம். அந்தப் பருவத்திலேயே மிகப் பெரிய தோல்வி அதுதான். திங்கட்கிழமை பத்தரைக்கு மேவிஸ் முழங்காலால் கதவைத் தள்ளினார். "லெஸ், உனக்கு மூளையிருக்கா? கெவ்வை யாராவது வெளியில் எடுப்பானா?"

"இரண்டு சீனி" என்றார் லெஸ்.

ஐப்பசியில் என் படிவம் வந்தது. அதையும் நான்தான் பதிய வேண்டியிருந்தது. லெஸ்ஸின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, மேலதிகாரியின் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'நேரந்தவறாதவர். தனக்குப் பாதகமான கடிதத்தையும் பதிவேட்டில் பதிவார். இரண்டு கட்சிக்காரருக்கும் நன்றாகக் கடிதம் எழுதுவார். நிரந்தரமாக்கவும்.' கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தபாற்கந்தோருக்குப் போய் வெள்ளவத்தைக்குத் தந்தி அடித்தேன். லெஸ் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகேஸும் பிள்ளைகளும் அடுத்த வருடம் பங்குனி முடிவில் வந்து இறங்கினார்கள். பருவத்தின் முதல் சனிக்கிழமை நால்வருமாகப் போனோம். தூறல். மேவிஸ் சின்னவளைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டார். மகேஸ் சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, கால்மணி நேரம் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் பக்கம் சரிந்தா.

"இஞ்சாருங்கோ, உந்தக் கால் ஏலாதவரை ஏன் வெளியிலை எடுக்கினமில்லை?"

"சும்மா இரும், அந்தாள் நிக்கிறபடியால்தான் ஒருத்தரும் விழாமல் நிக்கினம்" என்று தமிழில் சொன்னேன். அதே மூச்சில் திரும்பி, மேவிஸோடு சேர்ந்து, கெவ்வை வெளியே எடு என்று ஆங்கிலத்தில் கத்தினேன். மகேஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தா.

கெவ் அன்றும் கடைசிவரை ஆடினார். ஒன்பது புள்ளியால் தோற்றோம்.